இங்கே எதுவும் நடப்பதில்லை

நான்காம் கேள்விக்கு மட்டும் ஐந்து வருடமாக ஒரே பதில் வந்துகொண்டிருந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

கேள்வித்தாள் மருத்துவக் கல்லூரி தயாரித்தது. கடைசி வருட மாணவர்கள் இரண்டிரண்டு பேராக, இரண்டு வாரம் என் கிளினிக்கில் உட்கார்ந்து பார்ப்பார்கள். குடும்ப மருத்துவம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வதற்காக. போகும்போது ஒரு பக்கத் தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மருத்துவர் நன்றாகச் சொல்லித் தந்தாரா? மிக நன்றாக. இடம் சுத்தமாக இருந்ததா? ஆம். நோயாளிகள் மரியாதையாக நடந்துகொண்டார்களா? ஆம், ஒருவர் மட்டும் என்னை முடிவெட்டிக்கொள்ளச் சொன்னார். நான்காவது: இந்தத் துறையில் வேலை செய்ய விரும்புவீர்களா, காரணம் என்ன? இல்லை. இங்கே எதுவும் நடப்பதில்லை.

வார்த்தை ஆளுக்கு ஆள் மாறும். 'இருமலும் முட்டிவலியும்தான்' என்று ஒருவர். 'மருத்துவர் நல்லவர், பாவம்' என்று ஒருவர். அந்தப் 'பாவம்' எனக்கு மூன்று நாள் உறுத்தியது.

ஒரு பொருள் ஓடவில்லையென்றால் கழற்றிப் பார்க்கிற ஆள் நான். கிளினிக் தண்ணீர் மோட்டாரை மூன்று முறை நானே பிரித்து மாட்டியிருக்கிறேன். இதையும் அப்படித்தான் பிரிக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் நாற்பது தாள்கள், மறுபக்கம் என் ஐந்து வருடப் பதிவேடு. தையல்காரம்மாவின் கைநடுக்கத்துக்குக் காரணம் கழுத்துச் சுரப்பி என்று கண்டுபிடித்தது, குழந்தை பெற்ற மூன்றாம் மாதம் ஒரு பெண் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள நினைத்ததை அவள் வாயாலேயே சொல்லவைத்தது, சமையல்காரரின் கால்விரலை வெட்டாமல் காப்பாற்றியது, எல்லாம் அதில் இருந்தது. அதே அறை, அதே நாற்காலிகள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்த நான் இத்தனையைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. அது எப்படி?

விடை தெரியாமலே இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓட்டியிருப்பேன். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாடத்திட்டக் குழு வியாழக்கிழமை கூடுகிறது. குடும்ப மருத்துவத்துக்கான இரண்டு வாரத்தை நீக்கி ஸ்கேன் துறைக்குக் கொடுப்பது பற்றி முடிவெடுக்கப்படும். கையெழுத்து: குழுத் தலைவர், நெஞ்சு அறுவைசிகிச்சைத் துறை. அதாவது என் சொந்த அண்ணன்.

எங்கள் ஊரில் குடும்ப டாக்டர்கள் ஆறு பேர் மிச்சம். ஆறு பேரில் வயது குறைந்தவள் நான்; எனக்கு ஐம்பத்தொன்று. இந்த இரண்டு வாரமும் போனால், ஒரு குடும்ப டாக்டரின் வாசற்படியைக்கூட மிதிக்காமல் பிள்ளைகள் டாக்டராகி வெளியே வருவார்கள். பார்க்காத வேலைக்கு யார் வருவார்கள்? நாங்கள் ஆறு பேரும் ஓய்ந்த பிறகு ஊருக்கு யார்?

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பசங்களே வேண்டாங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றான். "உன் கிளினிக் தாள் நாப்பது. அதுல முப்பத்தொன்பது 'இல்லை'."

"நாப்பதாவது?"

"அது எல்லாக் கேள்விக்கும் 'ஆம்'னு போட்டிருக்கு. படிக்காம போட்டிருக்கு."

"முதல் வகுப்புலயே நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியும்ணா. 'ஒழுங்கா படிங்க, இல்லன்னா என் தங்கச்சி மாதிரி இருமல் டாக்டரா போயிடுவீங்க'."

"அது சும்மா தமாஷுக்கு."

"இருபது வருஷமா ஒரே தமாஷா? உனக்கு வேற தமாஷே தெரியாதா?"

"வியாழக்கிழமை வா. ரெண்டு நிமிஷம் தரேன், பேசு" என்று வைத்துவிட்டான். ரெண்டு நிமிஷம்! ஒரு துறையை மூடுவதற்கு, முட்டை வேகிற நேரம்கூட இல்லை.

திங்கட்கிழமை மதியம், கடைசி நோயாளி போன பிறகு, முன்னறையில் சத்தம் கேட்டது. அங்கே இருப்பவர் ரிஜிஸ்டர் அக்கா. டோக்கன் தருவது, யார் என்றைக்கு வரவேண்டும் என்று தடிப்புத்தகத்தில் எழுதுவது, வருகிற மாணவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது, மூன்றும் அவர் பொறுப்பு.

"அட, கடிகாரம்! வழி தவறி வந்துட்டியா?"

எட்டு மாதத்துக்கு முன் இங்கே இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டுப் போன பெண். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததால் அந்தப் பெயர்.

"டாக்டர் இருக்காங்களா? நான் சண்டை போட வந்திருக்கேன்."

"டோக்கன் வாங்கிட்டு போடு."

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"மேடம், இன்னிக்கு காலையில உங்கண்ணன் சாரோட வகுப்பு. பெரிய ஆபரேஷன் ஒண்ணைப் பத்தி. திரையில முதல் வரி என்ன தெரியுமா? 'ஐம்பத்துநான்கு வயது ஆண், நுரையீரல் உச்சியில் கட்டியுடன் நமது மருத்துவமனைக்கு வந்தார்.' கட்டியோட வந்தாராம்! பையில போட்டு எடுத்துட்டு வந்த மாதிரி!"

"சரி."

"கடைசில அந்த ஆளையே மேடைக்குக் கூப்பிட்டாங்க. பொழைச்சிட்டார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் தட்டல. ஏன்னா எனக்கு அவரைத் தெரியும். பஸ் டிரைவர். இதோ, இங்க வந்தவர்."

நோட்டில் விரலை வைத்தாள். முதல் வாரம், செவ்வாய். 'பஸ் டிரைவர். இடது தோள் வலி. பரிசோதனை இயல்பு. வலி மாத்திரை. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். ஆறு நிமிடம்.' ஓரத்தில் சின்னதாக, 'போர்'.

"வகுப்பு முடிஞ்சதும் அவரை வெளிய புடிச்சுக் கேட்டேன், நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு அவரே சொன்னார். நான் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. ஃபார்ம்ல வேற எழுதிட்டுப் போயிட்டேன், இங்க எதுவும் நடக்கலைன்னு. நடந்திருக்கு! எனக்கு ஏன் யாரும் சொல்லல? இது அநியாயம் இல்லையா மேடம்?"

அவளை உட்காரவைத்து, டிரைவரின் அட்டையை எடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எனக்கும் இதைச் சொல்வதென்றால் வாயெல்லாம் பல்.

முதல் நாள் அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். தோள் மூட்டில் கோளாறு என்றால் தூக்கும்போது வலி கூட வேண்டும். கூடவில்லை. அது ஒரு சின்ன முரண், அவ்வளவுதான். ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களுக்கு ஆயிரம் வலி. எடையை மட்டும் குறித்துக்கொண்டு, திரும்பி வரச் சொன்னேன். இரண்டாம் முறை ஒரு கிலோ குறைந்திருந்தது. அது எதற்கு வேண்டுமானாலும் குறையும். மறுபடி வரச் சொன்னேன். மூன்றாம் முறை அவர் எதிரே உட்கார்ந்ததும், இடது கண் இமை ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.

"கண்ணுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்னு யோசி" என்றேன். "இமையைத் தூக்கிப் பிடிக்க உதவற ஒரு நரம்பு இருக்கு. மூளையிலேர்ந்து கிளம்பி நேரா கண்ணுக்குப் போறதில்ல. முதுகுத்தண்டு வழியா நெஞ்சு வரைக்கும் இறங்கி, நுரையீரலோட உச்சியை உரசிக்கிட்டு, கழுத்து வழியா மறுபடி மேல ஏறி கண்ணுக்குப் போவுது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுத்தற மாதிரி. அந்த உச்சியில ஒரு கட்டி வந்தா, அங்கயே இருக்கற கை நரம்பையும் அழுத்தும், இந்த நரம்பையும் அழுத்தும். தோள்ல வலி, கண்ல இமை. அன்னிக்கே எக்ஸ்ரே எடுத்து, கடிதம் எழுதி அனுப்பினேன்."

கடிகாரம் தன் இமையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு மயிரிழை எப்படித் தெரிஞ்சது?"

"அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அதே முகத்தை அதே வெளிச்சத்துல பார்த்திருக்கேனே. முதல் தடவை பாக்கறவங்களுக்கு அது தூக்கக் கலக்கம்."

"அப்ப நானும் ரெண்டாவது தடவை பார்த்திருக்கணும்" என்றாள். நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். "மேடம், ஒரு வாரம்னு சொல்லியிருக்கீங்க. அடுத்த செவ்வாய் நான் இங்கதான் இருந்தேன். அவர் வரல. அவர் மட்டுமில்ல. பன்னெண்டு நாள்ல நூத்திப் பதினாறு பேர் எழுதியிருக்கேன். ஒருத்தர் பேர்கூட ரெண்டு தடவை இல்ல. உங்ககிட்ட வந்தவங்க யாருமே திரும்பி வர மாட்டாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எந்த வாரத்தை எடுத்தாலும் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் திரும்பி வருகிறவர்கள்தான். பன்னிரண்டு நாளில் ஒருவர்கூட இல்லை என்பது நடக்கவே முடியாத காரியம்.

"அக்கா! அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க."

ரிஜிஸ்டர் அக்கா தடிப்புத்தகத்தை இரு கையால் தூக்கி வந்து போட்டார். பக்க ஓரத்தில் சில வாரங்களுக்கு மட்டும் பச்சைக் கோடு.

"இது என்ன பச்சை?"

"பசங்க வர்ற வாரம்."

பச்சை வாரங்களில் எல்லாமே புதுப் பெயர்கள். பச்சை முடிந்த மறுநாள், திரும்பி வருகிறவர்கள் கூட்டமாக நெருக்கி எழுதப்பட்டிருந்தார்கள். ஐந்து வருடம், இருபது பச்சைக் கோடுகள், எல்லாம் அப்படியே.

"பழைய ஆளுங்க எங்க அக்கா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே டாக்டர் சொன்னீங்க? 'பசங்க வர்ற வாரம் புதுசா வர்றவங்களையே போடுங்கக்கா, பழைய ஆளுங்கள அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்க, பசங்களுக்குப் போரடிக்கும்'னு. அஞ்சு வருஷமா தள்ளிட்டிருக்கேன். அதுக்கு எத்தன பேர்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா? அந்த பஸ் டிரைவரே என்னை என்ன கேள்வி கேட்டார்!"

சொன்னேன்தான். முதல் வருடம், மாணவர்களுக்குச் சுவையாக இருக்கட்டும் என்று ஆசைஆசையாகச் சொன்னேன். சொன்னதையே மறந்துவிட்டேன்.

டிரைவரின் பக்கத்தைத் தேடினேன். ஒரு வாரத்தில் வரவேண்டியவர் இரண்டு வாரம் கழித்து வந்திருந்தார். என் ஆசையால் அவருக்கு ஒரு வாரம் தாமதம். அது அவரை ஒன்றும் செய்யவில்லை என்பது என் சாமர்த்தியமில்லை, அவருடைய நல்ல நேரம்.

அத்தனை வருடக் கோபமும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. குடும்ப மருத்துவத்தில் முதல் சந்திப்பில் நடப்பது கொஞ்சம்தான். இரண்டாவதில், ஐந்தாவதில், முன்பு பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நோய் மாட்டிக்கொள்ளும். அந்த வித்தியாசத்தை நானே கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, ஏன் பிடிக்கவில்லை என்று புலம்பியிருக்கிறேன். எதுவும் நடக்கவில்லை என்று அவர்கள் எழுதியது பொய்யில்லை. கண்ணால் கண்டதை எழுதினார்கள்.

"இனிமே தள்ள வேணாம், அவ்வளவுதானே?" என்றார் அக்கா.

"அவ்வளவுதானான்னு பாக்கலாம்" என்றாள் கடிகாரம். மூன்று பேரும் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வந்ததற்கும் மறுபடி வந்ததற்கும் எத்தனை நாள் என்று எண்ணினோம். பத்து நாள், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு வாரம். தள்ளாமலே இருந்தாலும் பன்னிரண்டு நாளில் ஒருவரை அதிகம் போனால் இரண்டு முறை பார்க்கலாம். டிரைவருக்கே மூன்று தேவைப்பட்டது.

"அப்ப ரெண்டு வாரம்ங்கற கணக்கே தப்பு மேடம். வார்டுக்கு அது சரி. அங்க வந்தவங்க அங்கயே படுத்திருப்பாங்க, நாங்க போயிட்டுப் போயிட்டுப் பாப்போம். இங்க வந்தவங்க எழுந்து வீட்டுக்குப் போயிடுறாங்க. போனவங்க திரும்பி வர்ற வரைக்கும் நாங்கதானே நிக்கணும்?"

அவள் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வியாழக்கிழமை மூன்று பேரும் போனோம். நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பிஸ்கட் தட்டு. குழுச் செயலர் ரிஜிஸ்டர் அக்காவைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

"இந்தப் புத்தகத்தை எழுதறவங்க" என்றேன். ஏதோ நூலாசிரியர் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலி போட்டார்.

"ரெண்டு நிமிஷம்" என்றான் அண்ணன்.

"திங்கட்கிழமை வகுப்புல காட்டினியே, அந்த முதல் படத்தைப் போடு."

முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டான். 'நமது மருத்துவமனைக்கு வந்தார்.'

"எப்படி வந்தார்?"

"எப்படின்னா? யாரோ கடிதம் குடுத்து அனுப்பினாங்க."

"யாரோ யாரு?"

அவன் கணினியில் கோப்பைத் திறந்தான். படித்தான். காது சிவந்தது. "உன் கையெழுத்தா?"

"பதினாலு வரி எழுதியிருந்தேன். இமையைப் பத்தியே மூணு வரி. நீ படிக்கல. உன் ஜூனியர் படிச்சு, எக்ஸ்ரேவை மட்டும் உன்கிட்ட நீட்டியிருப்பான். பரவாயில்ல, நீ நல்லா வெட்டினே, ஆளு பொழைச்சார், அதுக்கு நான் உன்னைக் கும்பிடறேன். என்னை இருமல் டாக்டர்னு சொல்லு, அதையும் தாங்கிக்கறேன். ஆனா நாப்பத்தெட்டு பசங்களை உக்கார வச்சு, நோய் ஆஸ்பத்திரி வாசல்லதான் பொறக்குதுன்னு சொல்லாதே. அது பொய். முன்பாதியை நீ வெட்டினே. பின்பாதியை நான் வெட்டியிருக்கேன், அதையும் கையோட எடுத்துட்டு வந்திருக்கேன். ரெண்டு பேருமா சேர்ந்து பசங்களை ஏமாத்தியிருக்கோம்."

பச்சைக் கோடுகளைக் காட்டினேன். என் முட்டாள்தனத்தை ஒளிக்காமல் சொன்னேன். யாரும் பிஸ்கட் எடுக்கவில்லை.

"ஆக, இந்த ரெண்டு வாரத்தை நீக்கக் கூடாதுங்கறே" என்றான் அண்ணன்.

"நீக்கிடு. ஸ்கேன் துறைக்கே குடு. எனக்கு அது வேண்டாம்."

ஸ்கேன் துறைத் தலைவர் நிமிர்ந்தார். சண்டைக்குத் தயாராக வந்தவர், பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"புதன்கிழமை மதியம் ரெண்டு முதல் நாலு, கடைசி வருஷத்துக்கு என்ன வகுப்பு?"

"சுயபடிப்பு" என்றார் செயலர்.

"அந்த நேரத்துல நாங்க தூங்குவோம் சார்" என்றாள் கடிகாரம்.

"அந்த ரெண்டு மணி நேரத்தைக் குடுங்க. வருஷத்துக்கு நாப்பத்திரண்டு வாரம், எம்பத்துநாலு மணி. பழைய கணக்கும் பன்னெண்டு நாள், தினம் ஏழு மணி, எம்பத்துநாலு. ஒரு நிமிஷம்கூட அதிகம் கேக்கல."

அண்ணன் கடைசியாக ஒன்றைப் பிடித்தான். "நோயாளிங்க உன் வசதிக்குப் புதன்கிழமையே வருவாங்களா?"

இதற்கு ரிஜிஸ்டர் அக்கா பதில் சொன்னார். "வருவாங்க சார். அவசரம்னா எந்த நாளும் வரட்டும், நான் யாரையும் இனிமே தள்ள மாட்டேன். மத்தவங்களுக்குப் புதன்னு எழுதினா புதன். அஞ்சு வருஷமா காரணமே இல்லாம மாத்தினேன், கேட்டாங்க. இப்ப காரணத்தோட சொன்னா கேக்க மாட்டாங்களா?"

ஒரு வருடம் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். வெளியே வரும்போது அண்ணன் பின்னாலேயே வந்து, "அந்தக் கடிதத்துக்கு ஒரு காப்பி அனுப்பறியா?" என்றான்.

"உன் கோப்புலயே இருக்கு. படி."

அந்த ஒரு வருடம் போன மாதம் முடிந்தது. கடிகாரம் எங்களுடன் சேரவில்லை. கண் மருத்துவம் எடுத்துவிட்டாள். அந்த இமை அவளை விடவில்லை போலிருக்கிறது. சண்டை போட மட்டும் வந்து போகிறாள். என் கிளினிக்குக்கு வந்த எட்டு மாணவர்களில் மூன்று பேர் நான்காம் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதியிருக்கிறார்கள். காரணம் எழுதக் கோடு போதாமல் தாளின் பின்பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். 'இல்லை' என்று எழுதிய ஐந்து பேரும் வேறு வேறு காரணம் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் நடப்பதில்லை என்று ஒருவரும் எழுதவில்லை.

மற்ற ஐந்து குடும்ப டாக்டர்களும் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். ரிஜிஸ்டர் அக்கா ஒரு தாளில் எழுதி முன்னறைச் சுவரில் ஒட்டியிருப்பதை அப்படியே தருகிறேன். ஒரு மாணவருக்கு ஐந்து நோயாளிகள், வருடம் முழுக்க அதே ஐந்து பேர். அவர்கள் திரும்பி வரும் நாள் புதன், மதியம் இரண்டு முதல் நான்கு. அவசரமென்றால் எந்த நாளும். போன முறை பார்த்ததை மாணவர் முதலில் சொல்ல வேண்டும், பிறகு இன்று பார்ப்பதைச் சொல்ல வேண்டும், டாக்டர் கடைசியில்தான் வாயைத் திறக்க வேண்டும். மாணவர்களுக்காக யாருடைய நாளையும் தள்ளக் கூடாது.